அடுத்த அறைக் கணினி எப்படி இருக்கிறது? அப்டைமும் லோடும் பார்க்கும் முறை

ஒரு கல்லூரி லேப் அல்லது சிறிய அலுவலகம். பத்துப் பதினைந்து லினக்ஸ் கணினிகள், கூடவே ஒன்றிரண்டு சர்வர்கள். இவற்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வந்த முதல் வாரத்திலேயே யாராவது கூப்பிட்டு "சர்வர் ஸ்லோவா இருக்கு" என்பார்கள். எழுந்து ஓட வேண்டாம். உட்கார்ந்த இடத்திலிருந்தே இரண்டு விஷயங்களைப் பாருங்கள். அந்தக் கணினி கடைசியாக எப்போது ரீபூட் ஆனது? இந்த நிமிடம் அதன் தலையில் எவ்வளவு வேலை இருக்கிறது? முன்னது அப்டைம், பின்னது லோட். இரண்டையும் எடுக்க அரை நிமிடம் போதும். எடுத்த எண் என்ன சொல்கிறது என்று படிப்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். அதனால் அந்தப் பகுதிக்கு இங்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

உங்கள் கணினியில் தொடங்குங்கள்

டெர்மினலைத் திறந்து அப்டைம் என்று தட்டி என்டர் அழுத்துங்கள். ஒரே ஒரு வரி வரும். முதலில் இப்போதைய நேரம், அடுத்து "அப் 23 டேஸ், 4:17" என்பதுபோல ஒரு காலம், பிறகு "3 யூசர்ஸ்", கடைசியில் லோட் ஆவரேஜ் என்று சொல்லி 0.42, 0.58, 0.61 போல மூன்று எண்கள். இந்த உதாரணக் கணினி 23 நாள், 4 மணி, 17 நிமிடமாக நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. யூசர்ஸ் என்பதை ஆட்களின் எண்ணிக்கை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது லாகின்களின் எண்ணிக்கை; ஒரே ஆள் மூன்று இடத்திலிருந்து நுழைந்திருந்தாலும் 3 என்றுதான் வரும்.

அதே கட்டளையோடு ஹைஃபன் எஸ் சேர்த்தால் கணினி எந்தத் தேதியில், எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று நேரடியாகக் காட்டும். பல கணினிகளை ஒப்பிடும்போது எனக்கு இதுதான் வசதி. நாட்களை எண்ணிக் கழித்துப் பார்க்கும் வேலை மிச்சம்.

லோட் எண்ணைப் படிப்பது

மூன்று எண்களும் முறையே கடந்த 1, 5, 15 நிமிடங்களைச் சேர்ந்தவை. இவை சதவீதம் அல்ல. 1.00 என்று பார்த்துவிட்டு நூறு சதவீதம் நிரம்பிவிட்டது என்று பதறுவதும், 6.00 என்று பார்த்துவிட்டு கணினி செத்துவிட்டது என்று முடிவு கட்டுவதும் வீண். அந்தக் கணினியில் எத்தனை கோர் (சிபியூவுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) இருக்கிறது என்று தெரியாமல் லோட் எண்ணுக்குப் பொருளே இல்லை. என்ப்ராக் (என், பி, ஆர், ஓ, சி) என்ற கட்டளை அதைச் சொல்லும். 4 என்று வந்தால், அந்தக் கணினிக்கு லோட் 4 என்பது கை நிறைய வேலை. 8 என்பது திணறல். 1 என்பது ஓய்வு. இதே 8, முப்பத்திரண்டு கோர் உள்ள சர்வரில் கால்வாசி வேலைதான்.

சமையற்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கோர் என்பது அடுப்பு. அடுப்பில் ஏறியிருக்கும் பாத்திரங்கள், அடுப்பு காலியாகட்டும் என்று காத்திருக்கும் பாத்திரங்கள், இரண்டையும் சேர்த்து எண்ணுவதுதான் லோட். லினக்ஸ் இன்னொரு வகையையும் சேர்த்துக்கொள்கிறது. கடைக்குப் போனவர் காய் வாங்கி வந்தால்தான் அடுத்த வேலை என்று நிற்கும் பாத்திரம். அடுப்பு காலியாக இருந்தாலும் அந்தப் பாத்திரம் கணக்கில் வரும். டிஸ்க் அல்லது நெட்வொர்க் கோப்புக்காக, இடையில் கலைக்க முடியாதபடி காத்திருக்கும் ப்ராசஸ்கள், அதாவது ஓடும் நிரல்கள்தான் இவை.

மற்ற பல யூனிக்ஸ் வகைகளில் இப்படி எண்ணுவதில்லை. லினக்ஸில் 1993 அக்டோபரில் வந்த ஒரு திருத்தம் இதைச் சேர்த்தது. அதற்குச் சொன்ன காரணம் நியாயமானது. வேகமான டிஸ்க்கை எடுத்துவிட்டு மெதுவான டிஸ்க்கைப் போட்டால் கணினி மந்தமாகிறது. ஆனால் ப்ராசஸ்கள் எல்லாம் டிஸ்க்குக்காகக் காத்திருப்பதால் லோட் எண் மட்டும் குறைகிறது. அந்த முரண்பாட்டைச் சரிசெய்யத்தான் காத்திருப்பவற்றையும் எண்ணினார்கள். இந்த ஒரு விவரம் மனதில் இருந்தால், "லோட் 20 காட்டுது, ஆனா சிபியூ சும்மா இருக்கே" என்று குழம்ப மாட்டீர்கள்.

இன்னொன்று. இந்த எண்கள் வெறும் சராசரி அல்ல. கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) சுமார் 5 நொடிக்கு ஒருமுறை கணக்கெடுத்து, புதியதற்கு அதிக எடையும் பழையதற்குக் குறைந்துகொண்டே போகும் எடையும் கொடுக்கிறது. சும்மா கிடந்த கணினியில் ஒரே ஒரு கனமான ப்ராசஸைத் தொடங்கி ஒரு நிமிடம் கழித்துப் பாருங்கள். முதல் எண் 1.00 ஆக இருக்காது, 0.63-க்கு அருகில் இருக்கும். வேலை முடிந்த பிறகும் எண் மெதுவாகத்தான் இறங்கும். ஆகவே மூன்று எண்களின் போக்கைப் பாருங்கள். 9, 4, 2 என்றால் இப்போதுதான் ஏதோ ஆரம்பித்திருக்கிறது. 2, 5, 9 என்றால் மோசமான நேரம் கடந்துவிட்டது, நீங்கள் சற்றுத் தாமதமாகப் பார்க்கிறீர்கள். மூன்றும் ஒரே அளவில் உயரமாக இருந்தால் வெகு நேரமாகவே அப்படித்தான்.

இன்னொரு கணினியில் பார்ப்பது

முதலில் பிங். பிங் என்று தட்டி, ஹைஃபன் சி 3 கொடுத்து, பிறகு 192.168.1.21 போல அந்தக் கணினியின் முகவரி. மூன்று முறை பதில் வந்தால் கணினி இயங்குகிறது, நெட்வொர்க் வழி திறந்திருக்கிறது. அதற்கு மேல் பிங் எதையும் உறுதிப்படுத்தாது. லோட் 50-ல் தவிக்கும் சர்வரும் பிங்குக்குச் சட்டென்று பதில் சொல்லும், ஏனென்றால் அந்தப் பதிலைக் கெர்னலே கொடுத்துவிடுகிறது. சில கணினிகளில் ஃபயர்வால் பிங்கைத் தடுத்திருக்கும்; எனவே பதில் இல்லை என்றவுடன் அணைந்துவிட்டது என்றும் முடிவு செய்ய வேண்டாம்.

அடுத்து எஸ்எஸ்எச், அதாவது இன்னொரு கணினியில் பாதுகாப்பாக நுழைந்து கட்டளை ஓட்டும் வழி. பார்க்கப்படும் ஒவ்வொரு கணினியிலும் ஓப்பன்எஸ்எஸ்எச் சர்வர் நிறுவியிருக்க வேண்டும். உபுண்டு, டெபியன் இரண்டிலும் அந்தப் பேக்கேஜின் பெயர் ஓப்பன்எஸ்எஸ்எச்-சர்வர். பிறகு உங்கள் கணினியிலிருந்து எஸ்எஸ்எச், இடைவெளி, அங்கே உள்ள பயனர் பெயர், அட் குறி, முகவரி, இடைவெளி, அப்டைம் என்று ஒரே வரியில் தட்டுங்கள். கடைசியில் கட்டளையைச் சேர்த்துவிட்டதால் உள்ளே போய் உட்காராமல், அந்த ஒரு வரிப் பதிலை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடும்.

முதல் தடவை அந்தக் கணினியின் கைரேகை போன்ற ஒரு நீண்ட எழுத்துச் சரத்தைக் காட்டி, நம்பலாமா என்று கேட்கும். பெரும்பாலானோர் படிக்காமலே யெஸ் என்று தட்டிவிடுகிறார்கள். நேரடியாக அந்தக் கணினியில் பார்த்துக் குறித்து வைத்த சரத்தோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். பின்னொரு நாள் "ஹோஸ்ட் கீ மாறிவிட்டது" என்று எச்சரிக்கை வந்தால், கணினியை மறுபடி நிறுவினார்களா, முகவரி வேறு கணினிக்குப் போய்விட்டதா என்று விசாரித்த பிறகே பழைய பதிவை நீக்குங்கள்.

ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு தட்டுவது சரிப்படாது. எஸ்எஸ்எச்-கீஜென் என்ற கட்டளையை, ஹைஃபன் டி (டைப் என்பதன் முதல் எழுத்து), இடைவெளி, இடி25519 (இங்கே டி, டிஸ்க் என்பதன் முதல் எழுத்து) என்று சேர்த்து ஓட்டினால் ஒரு ஜோடி சாவி உருவாகும். அந்தச் சாவிக்கு ஒரு பாஸ்ஃபிரேஸ் (சாவியைப் பூட்டும் பாஸ்வேர்டு) கேட்கும், காலியாக விடாதீர்கள். பிறகு எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி என்று தட்டி, பயனர் பெயரையும் முகவரியையும் கொடுத்தால் பொதுச் சாவி அங்கே போய்ச் சேரும். தனிச் சாவி உங்கள் கணினியை விட்டு எங்கும் போகக் கூடாது. காலையில் ஒருமுறை எஸ்எஸ்எச்-ஆட் கட்டளையில் பாஸ்ஃபிரேஸைக் கொடுத்துவிட்டால், எஸ்எஸ்எச்-ஏஜென்ட் அந்த அமர்வு முழுக்க நினைவில் வைத்துக்கொள்ளும்.

பதினைந்து கணினிக்கும் சேர்த்து

முகவரிகளை வரிக்கு ஒன்றாக ஒரு கோப்பில் எழுதுங்கள். ஷெல் ஸ்கிரிப்டில் வொய்ல்-ரீட் சுழற்சி வைத்து, ஒவ்வொரு வரியையும் எடுத்து, முதலில் எக்கோவால் பெயரை அச்சிட்டு, அடுத்து எஸ்எஸ்எச் வழியாக அப்டைம் கேட்டால் ஒரு பட்டியல் கிடைத்துவிடும். இங்கே மூன்று இடங்களில் புதியவர்கள் மாட்டிக்கொள்வார்கள்.

முதல் கணினியோடு ஸ்கிரிப்ட் முடிந்துவிடும், பிழைச் செய்தியும் வராது. காரணம், எஸ்எஸ்எச் தன் உள்ளீடாக உங்கள் கோப்பின் மிச்ச வரிகளை எல்லாம் எடுத்துக்கொள்கிறது. எஸ்எஸ்எச்சுக்கு ஹைஃபன் என் கொடுத்தால் அதைத் தொடாது. அடுத்தது, அணைந்து கிடக்கும் ஒரே கணினிக்காக மொத்த ஸ்கிரிப்டும் நிமிடக் கணக்கில் நிற்கும். ஹைஃபன் ஓ போட்டு கனெக்ட்டைம்அவுட்=5 என்று கொடுங்கள்; ஐந்து நொடியில் அடுத்த கணினிக்குப் போய்விடும். மூன்றாவது, எங்காவது சாவி வேலை செய்யாவிட்டால் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டே நிற்கும். அதே ஹைஃபன் ஓ முறையில் பேட்ச்மோட்=யெஸ் கொடுத்தால் கேட்காமல் தோல்வி என்று சொல்லிவிட்டு நகரும். மேனுவல் பக்கத்தில் கனெக்ட்டைம்அவுட் என்பதில் சி, டி ஆகியவையும், பேட்ச்மோட் என்பதில் பி, எம் ஆகியவையும் பெரிய எழுத்தில் இருக்கும். அதைப் பார்த்து அப்படியே எழுதுங்கள்.

ஸ்கிரிப்ட் எழுதப் பிடிக்காதவர்களுக்கு பேரலல்-எஸ்எஸ்எச் இருக்கிறது. ஹைஃபன் எச் என்று முகவரிக் கோப்பையும், ஹைஃபன் ஐ என்று பதிலை உடனே காட்டவும் சொல்லி, கடைசியில் அப்டைம் சேர்த்தால் எல்லாக் கணினியையும் ஒரே சமயத்தில் கேட்கும். ஏற்கெனவே ஆன்சிபிள் (பல கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் கருவி) பயன்படுத்துபவர்கள் அதிலேயே ஆல் என்ற குழுவுக்கு ஹைஃபன் ஏ அப்டைம் கொடுத்தால் போதும், தனியாக எதுவும் வேண்டாம்.

கேட்காமலே சொல்லும் பழைய முறை

எஸ்எஸ்எச் 1995-ல் வந்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1983-ல் வெளியான 4.2 பிஎஸ்டி யூனிக்ஸில் இதற்கென்றே ஆர்அப்டைம் என்ற கட்டளை இருந்தது. அப்டைம் என்ற சொல்லுக்கு முன்னால் ஆர் என்ற ஓர் எழுத்து, அவ்வளவுதான். ஒவ்வொரு கணினியிலும் ஆர்ஹூடி (ஆர், டபிள்யூ, எச், ஓ, டி) என்ற சின்ன நிரல் பின்னணியில் ஓடும். சுமார் 3 நிமிடத்துக்கு ஒருமுறை "நான் இன்ன நேரத்திலிருந்து ஓடுகிறேன், லோட் இவ்வளவு, இன்னார் உள்ளே இருக்கிறார்கள்" என்று நெட்வொர்க் முழுக்க யூடிபி 513-ஆம் போர்ட்டில் அறிவிக்கும். மற்ற கணினிகள் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளும். எந்தக் கணினியில் உட்கார்ந்து ஆர்அப்டைம் தட்டினாலும் முழுப் பட்டியல் வந்துவிடும். ஹைஃபன் எல் கொடுத்தால் லோட் வரிசை, ஹைஃபன் டி (டைம் என்பதன் முதல் எழுத்து) கொடுத்தால் அப்டைம் வரிசை. 11 நிமிடமாக அறிவிப்பே வராத கணினி டவுன் என்று காட்டப்படும்.

இந்த முறை எனக்கு மிகவும் பிடிக்கும். லாகின் வேண்டாம், சாவி வேண்டாம். டெபியனில் ஆர்ஹூ, ஆர்ஹூடி என்ற இரண்டு பேக்கேஜ்களாகக் கிடைக்கிறது. மூடிய லேப் ஒன்றில் மாணவர்களுக்கு நெட்வொர்க் எப்படிப் பேசிக்கொள்கிறது என்று காட்ட இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம். ஆனால் அலுவலக நெட்வொர்க்கில் போடாதீர்கள். யார் உள்ளே இருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிகிறது, பொய்யான அறிவிப்பை யார் வேண்டுமானாலும் அனுப்பலாம், சோதிக்க வழி இல்லை. பிராட்காஸ்ட், அதாவது எல்லோருக்கும் பொதுவான அறிவிப்பு என்பதால் ரவுட்டரைத் தாண்டியும் போகாது.

ரவுட்டர், ஸ்விட்ச், விண்டோஸ்

ரவுட்டர், ஸ்விட்ச் போன்றவற்றில் எஸ்என்எம்பி (நெட்வொர்க் கருவிகளின் நிலையைக் கேட்கும் நெறிமுறை) வழியாகக் கேட்கலாம். யூடிபி 161-ஆம் போர்ட். அப்டைமுக்கான எண் 1.3.6.1.2.1.1.3.0. இதில் இரண்டு பொறிகள். இது காட்டுவது எஸ்என்எம்பி நிரல் தொடங்கிய நேரத்தை. கருவி தொடங்கிய நேரமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. லினக்ஸ் சர்வரில் அந்தச் சேவையை மட்டும் ரீஸ்டார்ட் செய்தாலும் சுழியிலிருந்து ஆரம்பிக்கும். அங்கே 1.3.6.1.2.1.25.1.1.0 என்ற எண்ணைக் கேளுங்கள், அது கணினியின் சொந்த அப்டைம். இரண்டாவது, நூறில் ஒரு பங்கு நொடியாக 32 பிட்டில் எண்ணுவதால் சுமார் 497 நாளில் நிரம்பி மறுபடி சுழிக்கு வந்துவிடும். 498 நாளாக ஓடும் ஸ்விட்ச் "நேற்றுதான் ரீபூட் ஆனேன்" என்று காட்டினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். பப்ளிக் என்று இருக்கும் இயல்பான கம்யூனிட்டிப் பெயரை (எஸ்என்எம்பியில் பாஸ்வேர்டு போன்றது) முதல் நாளே மாற்றுங்கள். கருவி இடம் கொடுத்தால் எஸ்என்எம்பியின் மூன்றாம் பதிப்பையே பயன்படுத்துங்கள்.

விண்டோஸில் டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் சிபியூவைச் சொடுக்கினால் அப் டைம் தெரியும். வேறு கணினிக்கு சிஸ்டம்இன்ஃபோ கட்டளையோடு சாய்கோடு எஸ் சேர்த்து அதன் பெயரைக் கொடுக்கலாம், அனுமதி இருந்தால் பூட் நேரம் வரும். "தினமும் ஷட்டவுன் செய்கிறேன், ஆனால் பத்து நாள் அப்டைம் காட்டுகிறது" என்று யாராவது சொன்னால் அவர் சொல்வது உண்மைதான். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும்போது ஷட்டவுன் கெர்னலைத் தூங்கத்தான் வைக்கிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எண் புதிதாகும்.

லோட் ஏறியிருந்தால் அடுத்து என்ன

எஸ்எஸ்எச் வழியாக டாப் கட்டளையை நேரடியாகக் கொடுத்தால் திரை இல்லை என்று மறுக்கும். ஹைஃபன் பி (பேட்ச் என்பதன் முதல் எழுத்து), ஹைஃபன் என் 1 என்று சேர்த்தால் ஒரே ஒரு படம் பிடித்ததுபோல் அச்சிட்டுத் தரும். மேலே உள்ள சிபியூ வரியில் ஐடி என்பது சும்மா இருக்கும் நேரம், டபிள்யூஏ என்பது டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் நேரம், எஸ்டி என்பது கிளவுட் அல்லது விர்ச்சுவல் கணினியில் உங்களுக்கு வர வேண்டிய நேரத்தை அடியில் உள்ள கணினி வேறு யாருக்கோ கொடுத்துவிட்ட அளவு.

லோட் உயரம், ஐடி, டபிள்யூஏ இரண்டும் கிட்டத்தட்ட இல்லை என்றால் உண்மையாகவே கணக்கிடும் வேலை. எந்த ப்ராசஸ் என்று பட்டியலின் உச்சியிலேயே இருக்கும். லோட் உயரம், ஐடியோ டபிள்யூஏவோ உயரம் என்றால் எஸ் என்று தலைப்பிட்ட பத்தியில் டி (டிஸ்க் என்பதன் முதல் எழுத்து, பெரிய எழுத்தில்) உள்ளவற்றைத் தேடுங்கள். காத்திருக்கும் பாத்திரங்கள் அவைதான். எல்லோருடைய ஹோம் ஃபோல்டரும் ஒரே என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாகக் கோப்பு பகிரும் முறை) சர்வரில் இருக்கும் லேபில், அந்த சர்வர் நின்றுபோனால் எல்லாக் கணினியிலும் ஒரே சமயத்தில் லோட் ஏறும். ஒன்றிலும் சிபியூ வேலை செய்யாது. அப்போது லேப் கணினிகளை ரீபூட் செய்துகொண்டிருப்பதில் பயனில்லை, சர்வரைப் பாருங்கள்.

டாக்கர் கன்டெய்னருக்குள் (ஒரே கெர்னலில் தனித்து ஓடும் நிரல் பெட்டி) அப்டைம் தட்டினால் வருவது பொதுவாக அடியில் உள்ள கணினியின் அப்டைமும் லோடும்தான். கன்டெய்னர் இன்று காலை தொடங்கியிருந்தாலும் மூன்று மாதம் என்று காட்டும்.

அப்டைம் சொல்லும் கதை

எதிர்பாராமல் குறைந்த அப்டைம் கண்ணில் பட்டால் முதலில் மற்ற கணினிகளின் தொடக்க நேரத்தோடு ஒப்பிடுங்கள். எல்லாமே ஒரே சில நிமிடங்களுக்குள் தொடங்கியிருந்தால் கரண்ட் போய் வந்திருக்கிறது, யூபிஎஸ் தாங்கவில்லை. ஒரே வரிசையில் உள்ளவை மட்டும் என்றால் அந்த வரிசையின் யூபிஎஸ் அல்லது பிளக். ஒன்றே ஒன்று என்றால் அந்தக் கணினியிலேயே கோளாறு, அல்லது யாரோ பட்டனை அழுத்தியிருக்கிறார்கள். லாஸ்ட் ரீபூட் என்ற கட்டளை பழைய தொடக்கங்களையும் வரிசையாகக் காட்டும். சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் நிரல்) உள்ள கணினியில் ஜர்னல்சிடிஎல், ஹைஃபன் பி (பூட் என்பதன் முதல் எழுத்து), -1 என்று கேட்டால் முந்தைய ஓட்டத்தின் பதிவு கிடைக்கும், பழைய பதிவுகள் டிஸ்க்கில் சேமிக்கப்பட்டிருந்தால். அதன் கடைசி வரிகளில் சேவைகள் ஒழுங்காக நிறுத்தப்பட்டிருந்தால் யாரோ ரீபூட் செய்தது. பாதியில் அறுந்திருந்தால் மின்சாரம் அல்லது ஹார்டுவேர்.

ஐந்நூறு நாள், அறுநூறு நாள் அப்டைமைப் பெருமையாகக் காட்டும் வழக்கம் நம் துறையில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கெர்னலின் பாதுகாப்புத் திருத்தங்கள் பொதுவாக ரீபூட் ஆனால்தான் அமலுக்கு வரும். லைவ் பேட்ச் (ரீபூட் இல்லாமலே கெர்னலைத் திருத்தும்) வசதி போட்டிருந்தால் தவிர, அந்தச் சர்வர் அத்தனை நாளும் பழைய ஓட்டைகளோடு ஓடியிருக்கிறது. உபுண்டுவில் வார் அடைவுக்குள் ரன் அடைவில் ரீபூட்-ரிக்வயர்ட் என்ற கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ரீபூட் காத்திருக்கிறது என்று பொருள். அதையும் உங்கள் ஸ்கிரிப்டில் சேர்த்துவிடுங்கள்.

நேற்று எப்படி இருந்தது?

இன்றைய லோட் அதிகமா என்று சொல்ல, வழக்கமான அளவு தெரிய வேண்டும். சிஸ்ஸ்டாட் என்ற பேக்கேஜை நிறுவி இயக்கிவிட்டால் அது 10 நிமிடத்துக்கு ஒருமுறை பதிந்துகொண்டே இருக்கும். டெபியனில் ஈடிசி, டிஃபால்ட் அடைவில் உள்ள அதன் கோப்பில் எனேபிள்ட் என்பதை ட்ரூ என்று மாற்ற வேண்டியிருக்கும். பிறகு சார் (எஸ், ஏ, ஆர்) என்ற கட்டளையோடு ஹைஃபன் க்யூ கொடுத்தால் காலையிலிருந்து லோட் எப்படி ஏறி இறங்கியது என்று வரிசையாக வரும். "ஸ்லோவா இருக்கு" என்ற புகார் பெரும்பாலும் பிரச்சினை முடிந்த பிறகுதான் உங்களிடம் வரும் என்பதால் இந்தப் பதிவு உதவும் நாள் நிச்சயம் வரும்.

பதினைந்து இருபது கணினி வரை மேலே சொன்னவை போதும் என்பது என் கருத்து. அதைத் தாண்டினால், பல கணினிகளின் அளவுகளைச் சேகரித்துக் கண்காணிக்கும் ப்ரொமீதியஸ் பக்கம் போகலாம். 2012-ல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் தொடங்கிய திறந்த மூலத் திட்டம் அது. ஒவ்வொரு கணினியிலும் நோட் எக்ஸ்போர்ட்டர் என்ற நிரலை நிறுவ வேண்டும். 9100-ஆம் போர்ட்டில் லோடையும் பூட் ஆன நேரத்தையும் கொடுத்துக்கொண்டிருக்கும். எச்சரிக்கை அமைக்கும்போது 1 நிமிட லோடை வைக்காதீர்கள், அது நாள் முழுக்க ஒலிக்கும். 15 நிமிட லோடைக் கோர் எண்ணிக்கையால் வகுத்து, அது 1.5-க்கு மேல் சிறிது நேரம் நீடித்தால் மட்டும் எச்சரிக்கட்டும். உங்கள் சர்வரின் வழக்கம் தெரிந்தபின் அந்த எல்லையை மாற்றிக்கொள்ளலாம். 9100 போர்ட்டை ஃபயர்வாலில் ப்ரொமீதியஸ் ஓடும் கணினிக்கு மட்டும் திறந்துவிடுங்கள்.